வெள்ளை நாடா கட்டிய பாட்டில்

“கடைசிக் கொக்கியில ஒரு சாம்பல் கோட்டு தொங்குது பாருங்க. அதை மட்டும் கழட்டிடாதீங்கம்மா” என்றார் சலவைக்கடையை ஒப்படைத்துவிட்டுப் போகிற பெரியவர்.

“யாரோடதுங்க ஐயா? டோக்கன்கூட இல்லையே.”

“என் சம்சாரத்தோடது.”

“அப்ப நீங்களே எடுத்துட்டுப் போங்களேன். ஞாபகமா வெச்சுக்கலாம்ல?”

“ரெண்டு தடவை எடுத்துட்டுப் போனேன். ரெண்டு தடவையும் மறுநாள் கடையத் திறந்தா இங்கதான் தொங்கிட்டிருந்துச்சு.”

“கோட்டுக்குக் கடை மேல அவ்ளோ பாசமா?” என்று அவள் சிரித்தாள்.

பெரியவர் சிரிக்கவில்லை. சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கையை எடுக்காமலேயே நின்றார்.

“பாட்டில் மாறிடுச்சும்மா. இருட்டுல தண்ணின்னு நெனச்சு, துருக்கறை எடுக்கற மருந்தக் குடிச்சுட்டா. கண்ணக் கட்டிவிட்டாலும் எந்த பாட்டில்ல எது இருக்குன்னு சொல்லிடறவ அவ. அவ போயி எப்படித் தண்ணின்னு நெனச்சா? இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.”

அந்தப் பேச்சு நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெரியவர் மகன் வீட்டோடு போய்விட்டார். அவருக்கு விளங்காதது அவளுக்கு மட்டும் கடைக்கு வந்த முதல் வாரமே விளங்கிவிட்டது. யாரிடமும் சொல்லத்தான் முடியவில்லை.

அவளுக்கு வீட்டில் பெயர் சுருட்டை. கல்யாணத்துக்கு முன்பே அவள் முடியைப் பார்த்து அவள் கணவன் வைத்த பெயர். அவனுக்குக் கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் பொத்தான். சலவைக்கு வரும் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கினாலும் கேட்காமலே தைத்துக் கொடுத்துவிடுவான். “பொத்தான் அண்ணே” என்று வாசலில் குரல் கேட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டைக்கூட விட்டுவிட்டு எழுந்து போவான். முன்கடை அவனுடையது. பின்னறை அவளுடையது. மாடியில் இரண்டு அறை, குடித்தனம்.

பின்னறையில்தான் கறை எடுக்கும் வேலை. ஜன்னல் இல்லாத நீண்ட அறை. நீராவியும் மருந்து நெடியும் சுவரிலேயே ஊறிக் கிடக்கும். கூரையை ஒட்டி ஓர் இரும்புச் சங்கிலி ஓடுகிறது. அதில்தான் வெளுத்த துணிகளை ஹேங்கரோடு மாட்டுவார்கள். சுவரோரக் கைப்பிடியைச் சுற்றினால், ‘கர்ர்... கர்ர்...’ என்று துணிகளெல்லாம் ஊர்வலம் போல நகர்ந்து முன்கடைக்குப் போகும்.

அலமாரியில் வரிசையாகப் பழுப்பு பாட்டில்கள். காகிதச் சீட்டு ஒட்டினால் மருந்து பட்டுக் கரைந்துவிடும் என்பதால், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நாடா கட்டியிருக்கும். மைக்கறைக்கு நீலம். எண்ணெய்க்கு மஞ்சள். துருவுக்குச் சிவப்பு. சிவப்பு நாடா பாட்டிலிடம் மட்டும் விளையாட முடியாது. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பார்த்தால் பச்சைத் தண்ணீர்தான். கறை எடுக்கிற ஆளைத் தவிர வேறு யாரும் பாட்டில்களைத் தொடக்கூடாது. இந்தத் தொழிலில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். நாடா கட்டுவதும் பிரிப்பதும் ஒரே கையாக இருக்க வேண்டும்.

வந்த முதல் வாரம் அலமாரியைத் துடைக்கும்போது, வரிசையின் கடைசியில் வெள்ளை நாடா கட்டிய ஒரு காலி பாட்டில் இருந்தது.

“வெள்ளை எதுக்கு?” என்று பொத்தான் கேட்டான்.

மூடியைத் திருகி முகர்ந்தாள். அடியில் ஒட்டியிருந்த வாசனை மூக்கில் ஏறியது. அது எந்தக் கறையையும் எடுக்காது.

“ஏதோ பழைய மருந்து. கழுவி வெச்சுக்கறேன்.”

கழுவி வைத்தாள். மறுநாளே அதை நிரப்பியும் வைத்தாள்.

எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால் சிரிப்பாகக்கூட இருக்கும். சண்டையில்லை, சச்சரவில்லை. முன்பு கூலிக்கு இருந்த சலவைக்கடையிலும் சரி, இங்கேயும் சரி, கடை மூடியதும் மாடிப்படியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கிளாஸ் சாராயம். அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்களைப் போல நடித்துக் காட்டுவான் பொத்தான். அவள் வயிறு வலிக்கச் சிரிப்பாள். “எல்லாத்துலயும் நாம சரிபாதி” என்று இரண்டு கிளாஸையும் கண்மட்டத்தில் வைத்து அளந்து ஊற்றுவான். ஊற்றிய கை சரிபாதியாகத்தான் ஊற்றியது. உடம்புதான் சரிபாதியாக வாங்கிக்கொள்ளவில்லை. அவன் உடம்பு ராத்திரிக்குள் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டுக் காலையில் விசில் அடித்துக்கொண்டு எழுந்தது. அவள் உடம்பு ஒரு சொட்டு விடாமல் சேர்த்து வைத்துக்கொண்டது. அவனுக்கு ஒரு கிளாஸோடு முடிந்துபோன சாயங்காலம், அவளுக்கு அங்கேதான் தொடங்கியது.

காலையில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இஸ்திரிப் பெட்டி பட்டு முழங்கையில் வரிவரியாகத் தழும்பு. எங்கே இடித்துக்கொண்டோம் என்றே தெரியாமல் காலில் கன்றிப்போன நீலங்கள். மாத விலக்கு நினைத்தபோது வந்தது, நினைத்தபோது நின்றது. வயிறு உப்பி, முகம் வாடி, கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது.

“உன் மூஞ்சில ரத்தமே இல்லையேடி. கீரை சாப்பிடு” என்றாள் நாத்தனார், போன் வீடியோவில்.

“சாப்பிடறேன் அண்ணி.”

“சும்மா சாப்பிடறேன் சாப்பிடறேன்னு சொல்லாத. தம்பி சொல்றான், நீ அணில் மாதிரி கொறிக்கறியாம்.”

அவளுக்குப் போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

பொத்தான்தான் கட்டாயப்படுத்தி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பஸ் ஏறும்போதே மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். டாக்டரம்மா நாடி பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். “ஈரல் கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கே” என்றார்.

அவள் வாயைத் திறந்தாள்.

டாக்டரம்மாவோ பொத்தான் பக்கம் திரும்பினார். “நீங்க குடிப்பீங்களா?”

“சாயங்காலம் ஒரு கிளாஸ், அவ்ளோதாங்க” என்று பொத்தான் நெளிந்தான்.

“அதை முதல்ல விடுங்க. வீட்ல ஆம்பள குடிச்சா பொம்பளைக்குத்தான் மன உளைச்சல். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைச்சுக்கோங்கம்மா. சத்து மாத்திரை எழுதறேன்.”

அவ்வளவுதான். அவளை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. குடிக்கிறவள் முகம் இப்படி இருக்காது என்று டாக்டரம்மாவே முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. அதைவிடக் கொடுமை, பொத்தான் அன்றோடு குடியை விட்டுவிட்டான். “உனக்காக விட்டுட்டேன் சுருட்டை” என்று கண் கலங்கினான். மாடிப்படியில் இப்போது ஒரே ஒரு கிளாஸ்கூடக் கிடையாது. பாவி மனுஷா, வியாதி எனக்கு, பத்தியம் உனக்கா என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

அவன் விட்டுவிட்டான். அவளும் முயன்று பார்த்தாள். இரண்டாம் நாளே கை கால் உதறி, வேர்த்துக் கொட்டி, சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகத் தெரிந்து, பயந்துபோய் வெள்ளை நாடாவிடமே திரும்பி வந்தாள். இது தனியாகச் செய்கிற காரியமில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒருவர் கூட இருக்க வேண்டும். அதற்கு ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

“ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“சொல்லு.”

“எனக்கு...”

“பொத்தான் அண்ணே!” என்று வாசலில் குரல். அவன் எழுந்து போய்விட்டான்.

இன்னொரு நாள், “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொன்னேனே” என்றாள். “தெரியும், தெரியும். ஊருக்குப் போகணும். அதானே? இந்த வேலை முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்” என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான். நல்லவனாக ஒருத்தன் இருந்தாலும் கஷ்டம்தான். அவனிடம் கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோட்டு நகர ஆரம்பித்தது.

முதலில் அது பெரிய விஷயமாகப் படவில்லை. சங்கிலியின் கடைசிக் கொக்கியில், பின்சுவரை ஒட்டி இருட்டில் தொங்க வேண்டிய கோட்டு, ஒரு காலையில் அவள் வேலை செய்யும் மேஜைக்கு நேர் மேலே தொங்கியது. பொத்தான்தான் கைப்பிடியைச் சுற்றியிருப்பான் என்று திரும்பச் சுற்றி அனுப்பினாள். மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாள் முன்கடைக்கே போய், துணி வாங்க வந்த பள்ளிக்கூட டீச்சரின் முகத்துக்கு நேராக நின்றது.

“என்னங்க இது, சாராய நாத்தம் அடிக்குது?” என்று டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பொத்தான் கோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, பின்னறைக்கு வந்து முதல்முறையாகக் குரலை உயர்த்தினான்.

“ஏன் சுருட்டை, அந்தக் கோட்டு மேல எதைக் கொட்டின?”

“நான் தொடவே இல்லங்க.”

“பின்ன அதுவா குடிச்சுட்டு வந்துச்சு?”

அவன் கேட்டது கிண்டலாகத்தான். அவளுக்கு உள்ளங்கால் சில்லிட்டது.

அவன் போனதும் கோட்டின் கையைத் தொட்டுப் பார்த்தாள். முழங்கை வரை ஈரம். அப்போதுதான் கழற்றிப் போட்டது போல உள்பக்கம் கதகதப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு பாட்டில்கள். மூலையில் துணி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்த வெள்ளை நாடா பாட்டில், காலையில் மேஜை நடுவே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றது. அவள் ஒளித்தாள். அது வெளியே வந்தது. கந்தல் துணிக் கூடைக்குள் போட்டாள். வெளியே வந்தது. வெறுத்துப்போய் ஒரு நாள் கோட்டைப் பார்த்தே பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

“உங்களுக்கு என்னதாங்க வேணும்? என்னைக் காட்டிக் கொடுக்கணுமா? நீங்க மட்டும் ரொம்ப யோக்கியமா? இது உங்க பாட்டில்தானே?”

கோட்டு அசையவில்லை. ஆனால் அதன் இரண்டு கைகளும், காற்றே இல்லாத அந்த அறையில், மெல்லத் திரும்பி அவள் பக்கம் பார்த்தன.

அன்று சாயங்காலம் மழை. தெருவெல்லாம் தண்ணீர். பொத்தான் வெளுத்த துணி கொடுக்கப் போயிருந்தான். ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பகல் முழுக்கத் தொடாமல் இருந்து பார்த்தாள். கையோடு தாடையும் நடுங்கியது. ஒரே ஒரு வாய், அவன் வருவதற்குள்.

கரண்ட் போயிற்று.

இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. வெளியே மழைச் சத்தம். உள்ளே ஆறிக்கொண்டிருக்கும் இஸ்திரிப் பெட்டியின் ‘டிக்... டிக்...’ சத்தம். அலமாரியை நோக்கிக் கையை நீட்டி நடந்தாள். இந்த அறையில் அவளுக்குக் கண் தேவையில்லை. ஒளிப்பதை விட்டுப் பழைய இடத்திலேயே வைத்த கடைசி பாட்டில். வழுவழுவென்ற பட்டு நாடா. மற்றதெல்லாம் முரட்டு நாடா, வெள்ளை மட்டும் பட்டு. இருட்டில் விரல் தப்பு செய்துவிடக்கூடாது என்று அவளே பார்த்துப் பார்த்து மாற்றியது.

பின்னால் சங்கிலி அசைந்தது.

கர்ர்.

நின்றாள்.

மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கரண்ட் இல்லை, காற்றில்லை. கைப்பிடி சுவரோரம் இருக்கிறது, அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

கர்ர்... கர்ர்...

துணிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நகர்ந்தன. ஏதோ ஒரு சட்டையின் நுனி அவள் தோளைத் தடவிக்கொண்டு போனது. பிறகு ஒரு புடவை. பிறகு ஒரு போர்வை. ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின. கடைசிக் கொக்கி வருகிறது.

‘சீக்கிரம்’ என்றது அவள் உடம்பு. ஒரு வாய் உள்ளே போனால் பயமெல்லாம் போய்விடும். மூடியைத் திருகினாள். உதட்டருகே கொண்டுபோனாள்.

சங்கிலி நின்றது.

நேர் பின்னால்.

ஈரக் கம்பளியின் வாசனை. அதற்குள் பழைய சாராயத்தின் வாசனை. அதற்கும் அடியில், வெந்துபோன தொண்டையின் வாசனை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தனை வாசனையும் பின்னாலிருந்துதான் வருகிறது.

கையிலிருக்கும் பாட்டிலில் வாசனையே இல்லை.

கனமான ஒரு கோட்டுக் கை அவள் தோள் வழியாக வந்து, மணிக்கட்டின் மேல் படிந்தது. உள்ளே எதுவும் இல்லாத கை. ஆனாலும் பிடித்தது.

“இப்படித்தான்” என்றது ஒரு குரல். காதுக்குள் மணலைக் கொட்டுவது போல, கிழிந்த குரல். “நானும் இப்படித்தான்.”

பாட்டில் நழுவித் தரையில் உடைந்தது. சிமெண்டுத் தரை சீறியது. காலடியில் நுரை பொங்குகிற சத்தம் கேட்டது. அவள் மேஜை மேல் தாவி ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

“நாடாவ மாத்தினது நீங்கதானே? என்னைக் கொல்லப் பாத்தீங்கதானே?”

இருட்டிலிருந்து அதே கிழிந்த குரல்:

“முடிச்சப் பாரு.”

உடைந்த பாட்டிலின் கழுத்து நாடாவோடு அவள் புடவை மடிப்பில் சிக்கி வந்திருந்தது. விரலால் தடவினாள். பட்டு நாடா. இரண்டு சுற்று, ஒரு சுருக்கு, நுனியை உள்ளே செருகல். அவள் அம்மா சொல்லிக் கொடுத்த முடிச்சு. இந்தக் கடையில் வேறு யாருக்கும் போடத் தெரியாத முடிச்சு.

நேற்றைக்கா? முந்தாநாளா? பாட்டில்களைக் கழுவி நாடா மாற்றிக் கட்டியது மங்கலாக நினைவிருந்தது. அதற்கு முன்னால் எவ்வளவு குடித்திருந்தாள் என்பது நினைவில் இல்லை. அவள் கைதான். இருக்கட்டும் என்று காலையில் சரிபார்க்காமல் விட்டதும் அவள்தான். ஒவ்வொரு நாளும் பாட்டிலை நடுமேஜையில் கொண்டுவந்து வைத்தவள் கொல்ல வந்தவள் இல்லை.

“அவர் ரொம்ப நல்லவரு” என்றது குரல், இப்போது இன்னும் கிட்டே. “நல்லவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் சொல்லவே இல்ல. இன்னும் தண்ணின்னுதான் நெனச்சுட்டிருக்காரு.”

முன்கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் தரையில் ஆடிக்கொண்டு வந்தது.

“சுருட்டை! என்ன சத்தம்? ஐயையோ, இதென்ன நுரை? மேஜை மேல ஏறி உட்காந்திருக்க?” பொத்தான் நனைந்த கோழி மாதிரி நின்றான். வெளிச்சம் நுரைத்த தரை மேலும், உடைந்த கண்ணாடி மேலும், அவள் மடியில் கிடந்த வெள்ளை நாடா மேலும் போய்ப் போய் வந்தது. அவளுக்குப் பின்னால் கோட்டு தன் பழைய இடத்தில், பின்சுவரை ஒட்டி, ஒன்றும் தெரியாதது போலத் தொங்கியது. “இது துரு மருந்தாச்சே! குடிக்கப் போனியா?”

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

அவன் முகம் வெளுத்தது. மறுகணமே, பயந்த குழந்தைக்குச் சமாதானம் சொல்வது போல அவனே சொன்னான்: “இருட்டுல தண்ணின்னு நெனச்சுட்டியா? தாகத்துல பாக்காம எடுத்துட்ட. அதானே? அதானே சுருட்டை?”

அவ்வளவு சுலபமாக இருந்தது. ‘ஆமா’ என்று ஒரு சொல். அவன் கட்டிப்பிடித்துக்கொள்வான், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான், இனி அலமாரிக்குப் பூட்டுப் போடலாம் என்பான். நாளைக்குக் காலையில் அவள் இன்னொரு பாட்டிலுக்கு வெள்ளை நாடா கட்டுவாள். ஒரு நாள் அவனும் யாரோ ஒருத்தியின் கையில் சாவியை வைத்துவிட்டு, இன்னும் வெளங்கலம்மா என்று நிற்பான்.

“வா, இறங்கு. காலையில பேசிக்கலாம்” என்று அவன் கையை நீட்டினான்.

“இல்லங்க.”

“என்ன இல்ல?”

“இப்பவே கேக்கணும். யார் கூப்பிட்டாலும் எழுந்து போகாதீங்க.”

வாசலில், அந்த மழையிலும், யாரோ “பொத்தான் அண்ணே!” என்று கூப்பிட்டார்கள். அவன் தலை பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பப் போனது. பிறகு என்ன நினைத்தானோ, டார்ச்சை மேஜை மேல் வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

“தண்ணின்னு நெனச்சு எடுக்கல. சாராயம்னு நெனச்சுதான் எடுத்தேன். தினமும் குடிக்கறேன். காலையிலயும் குடிக்கறேன். என்னால தனியா நிறுத்த முடியல.” அவன் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. இந்தத் தடவ நான் பேசறேன். நீங்க கூட மட்டும் இருங்க.”

பொத்தான் அசையாமல் நின்றான். அவன் கண் அவள் முகத்தில் இல்லை. அவளுக்குப் பின்னால், மேலே, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்த ரோமமெல்லாம் சிலிர்த்து நின்றது.

அவள் வாய் மூடியிருந்தது. சொல்ல வேண்டியதை அவள் சொல்லி முடித்துவிட்டாள்.

ஆனால் பின்சுவரோர இருட்டிலிருந்து, கிழிந்த குரல் ஒன்று, பல வருஷம் தாமதமாக, அவள் சொன்னதையே சொல்லி முடித்துக்கொண்டிருந்தது.

“...கூட்டிட்டுப் போங்க.”